சைக்கிளில் இந்தியா: வழியில் சந்திக்கும் மனிதர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளில் வடக்கே போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த வண்டி, எவ்வளவு செலவு என்று ஆரம்பித்தாலும் பேச்சு சீக்கிரமே மனிதர்களிடம் வந்துவிடும். முன்பின் தெரியாத ஊரில் யார் தண்ணீர் கொடுப்பார்கள், எங்கே படுப்பது, யாரை நம்புவது என்பதுதான் எல்லோருக்கும் உள்ள கவலை. நான் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன்.

எந்த வழியாகப் போவது?

கன்னியாகுமரியில் ஏறினால் ஸ்ரீநகர் வரை தேசிய நெடுஞ்சாலை 44 இருக்கிறது. சுமார் 3,700 கிலோமீட்டர். மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி என்று நேராக மேலே போகும். வழி தவற வாய்ப்பே இல்லை. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பவர்களுக்கு அது போதும்.

ஆனால் நாலு வழிச் சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறது. நீங்கள் மேம்பாலத்தின் மேலே இருப்பீர்கள், ஊர் கீழே இருக்கும். காலையிலிருந்து மாலை வரை ஓட்டினாலும் தாபாவில் டீ கொடுத்த பையனைத் தவிர யாரோடும் பேசியிருக்க மாட்டீர்கள். மனிதர்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பக்கத்தில் ஓடும் மாநிலச் சாலைகளையும் கிராமச் சாலைகளையும் பிடியுங்கள். தூரம் கூடும், கூடட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது நர்மதைக் கரை. அமர்கண்டக்கில் பிறந்து பரூச் பக்கம் கடலில் சேரும் 1,312 கிலோமீட்டர் ஆறு அது. அதை வலப்புறமாகவே வைத்துக்கொண்டு, நடுவில் எங்கும் ஆற்றைக் கடக்காமல், ஒரு கரை வழியே போய் மறுகரை வழியே திரும்பி வருவதைப் பரிக்ரமா என்கிறார்கள். மாதக்கணக்கில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் மூட்டையோடு வருகிற அந்நியர் அந்த ஊர்களுக்குப் புதிதல்ல. மண்ட்லா, ஓங்காரேஷ்வர், மகேஷ்வர் பக்கத்துக் கிராமங்களில் "நர்மதே ஹர்" என்று நீங்கள் சொன்னால் அவர்களும் அதையே திருப்பிச் சொல்வார்கள். அடுத்த கேள்வி "சாப்பிட்டாயா?" என்றுதான் வரும். நான் நடந்து போகவில்லை, வேண்டுதலும் இல்லை என்று விளக்கினால்கூட யாரும் பொருட்படுத்துவதில்லை. வழியில் இருப்பவருக்குச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. முதல் பெரிய பயணத்துக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் ஜபல்பூர் வரை ரயிலில் போய் அங்கிருந்து மிதிக்கச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

ஓட்ட முடிந்ததில் பாதி. நூறு, நூற்றிருபது ஓட்டத் தெம்பு இருக்கிறதா, அறுபதில் நிறுத்துங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருட்டுவதற்குள் நாற்பது கிலோமீட்டர் போயாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர், "உட்காருங்கள், டீ வருகிறது" என்று சொல்லும் பெரியவரிடம் கையை அசைத்துவிட்டுப் போவார். வயிறும் மனசும் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். மத்தியானம் மூன்று, நாலு மணிக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டால் மிச்சப் பொழுது முழுக்க ஊருக்குச் சொந்தம். பள்ளிக்கூடம் விடும் நேரம், மாடு திரும்பும் நேரம், ஆண்கள் டீக்கடைக்கும் பெண்கள் வாசலுக்கும் வரும் நேரம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

கியர் சைக்கிள் வேண்டுமா?

மலை ஏறப் போகிறீர்கள் என்றால் வேண்டும். சமவெளிக்குச் சாதாரண சைக்கிளே போதும்.

கியரைவிட முக்கியமானது டயர் அளவு. 28 அங்குலப் பழைய மாடல் வண்டிக்கும் 26 அங்குல வண்டிக்கும் டியூப், டயர் சின்ன ஊர்ச் சந்தையில்கூடக் கிடைக்கும். ரேசிங் வகைக்குப் போடும் மெல்லிய டயர் வெடித்தால் பெரிய நகரம் வரை லாரியில்தான் போக வேண்டும். வால்வும் அப்படித்தான். மெல்லிய ஊசி போன்ற வால்வு உள்ள டியூப் என்றால் அதற்கான அடாப்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பஞ்சர் கடை பம்பு பொருந்தாது.

பஞ்சர் ஒட்ட உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சரி. ஆனால் கடை பக்கத்தில் இருந்தால் கடைக்காரரிடமே கொடுங்கள். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதிக் காய வைக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் ஊரில் பாதிப் பேர் வந்து நின்றுவிடுவார்கள். மத்தியப் பிரதேசத்துச் சாகர் நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் வீல் கோட்டம் எடுக்கக் கொடுத்தேன். அறுபது வயது தாண்டிய மிஸ்திரி. சக்கரத்தைச் சுழல விட்டு, கண்ணை ரிம்முக்கு நேராக வைத்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் சுண்டிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு முறுக்கினார். தளர்ந்த கம்பி மந்தமாகச் சத்தம் போடும் என்று என் விரலைப் பிடித்துச் சுண்ட வைத்துக் காட்டினார். அன்றைக்குப் பிறகு என் சக்கரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். காசு வாங்க மாட்டேன் என்றவரிடம், "சாச்சா, இது படிப்புக்கு ஃபீஸ்" என்று சொல்லித்தான் கையில் திணிக்க முடிந்தது.

இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் முப்பது, நாற்பது சொல்லாவது கற்றுக்கொண்டு போனால் பயணமே வேறாக இருக்கும். தண்ணீர், சாப்பாடு, படுக்க இடம், எவ்வளவு தூரம், மேடா பள்ளமா, என்னுடைய ஊர், எங்கே போகிறேன். இவ்வளவுதான் வேண்டும். அதற்கும் முன்னால் உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொள்ளுங்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அன்னா, அக்கா. கர்நாடகத்தில் அண்ணா, அக்கா, அஜ்ஜி. மகாராஷ்டிரத்தில் தாதா (அண்ணன்), தாயி (அக்கா), மாவ்ஷி (சித்தி). இந்தி பேசும் ஊர்களில் பையா (அண்ணன்), தீதி (அக்கா), சாச்சா (சித்தப்பா), மாதாஜி (அம்மா). "எக்ஸ்க்யூஸ் மீ" என்று ஆரம்பித்தால் வழி சொல்வார்கள். "மாவ்ஷி" என்று ஆரம்பித்தால் வழி சொல்லிவிட்டு, இந்த வெயிலில் ஏன் போகிறாய் என்று கேட்பார்கள்.

தமிழும் கைகொடுக்கும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் இந்தியாவில் போகாத இடம் குறைவு. நெடுஞ்சாலையில் டி.என். 28, டி.என். 34 என்று நம்பர் போட்ட லாரிகளைப் பார்த்தால் நாமக்கல் பக்கத்து ஆட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தின் விதர்பா பக்கம் ஒரு மரத்தடியில் லாரியை ஓரங்கட்டி ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், "எந்த ஊருங்க பாப்பா?" என்று குரல் கொடுத்தார்கள். பல நாள் கழித்து ரசம் சாதம். மூத்தவர் தன் தட்டை மணல் போட்டுத் துலக்கி எனக்குக் கொடுத்துவிட்டு, இலைப் பொட்டலத்தின் காகிதத்தில் தான் சாப்பிட்டார். "மேலே ரோடு சரியில்ல கண்ணு, பார்த்துப் போ" என்று, அடுத்த ஐம்பது கிலோமீட்டரில் எந்தப் பாலத்துப் பக்கம் பள்ளம், எங்கே லாரிகள் ஓரம் கட்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினார். அப்படியே இருந்தது.

ராத்திரி எங்கே தங்குவது?

சிறு நகரங்களில் லாட்ஜ் இருக்கும். ஆதார் அட்டை கேட்பார்கள். தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று சொல்லும் லாட்ஜ்களும் இருக்கின்றன. கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, குடும்பங்கள் தங்கும் தர்மசாலை எங்கே என்று கேட்டு அங்கே போய்விடுங்கள். கோயில் ஊர் எதிலும் தர்மசாலை உண்டு. குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் மூன்றிலும் நன்றாகப் பராமரிக்கிறார்கள்.

குருத்வாராவை மறக்காதீர்கள். பஞ்சாபில் மட்டும் என்று நினைக்க வேண்டாம், கர்நாடகத்தில் பீதரிலும் மகாராஷ்டிரத்தில் நாந்தேடிலும் பெரிய குருத்வாராக்கள் உள்ளன. தெற்கிலிருந்து போகும் நமக்கு இரண்டுமே வழியில் வருபவை. தலையைத் துணியால் மூட வேண்டும், செருப்பைக் கழற்றிக் கால் கழுவ வேண்டும், புகையிலை, மது கூடவே கூடாது. லங்கர் என்னும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் தரையில் வரிசையாக உட்கார வைத்து யாராக இருந்தாலும் சாப்பாடு போடுவார்கள். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவும் இடத்துக்கோ ரொட்டி தேய்க்கும் இடத்துக்கோ போய் உட்காருங்கள், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து மாவு உருட்டும் பெண்களோடு பேசிய பேச்சுதான் பீதரில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம்.

எதுவும் இல்லாத கிராமம் என்றால் முதலில் சர்பஞ்ச் வீட்டைக் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவரைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். பள்ளித் திண்ணையோ அங்கன்வாடியோ கிடைத்தாலும், பெண்கள் இருக்கும் வீடு ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தாபாவில் கயிற்றுக் கட்டில் போட்டு லாரிக்காரர்கள் தூங்குவார்கள், ஆண்களுக்கு அது நல்ல வசதி.

வீட்டுக்குக் கூப்பிட்டால் போகலாமா? எப்படி நடந்துகொள்வது?

போங்கள். ஆனால் யார் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து கூப்பிட்டால் தைரியமாகப் போவேன். ஆண் மட்டும் வழியில் நிறுத்திக் கூப்பிட்டால் "தீதி வீட்டில் இருக்கிறார்களா, போனில் பேசலாமா?" என்று கேட்பேன். நல்ல மனிதர் உடனே போன் போட்டுக் கொடுத்துவிடுவார்.

உள்ளே போனதும் விருந்தாளியாக முன்னறையில் உட்கார வைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்குப் போய்விடுங்கள். நர்மதாபுரம் மாவட்டத்தில் ஒரு கோதுமை விவசாயி வீட்டில் மாமியார் சூல்ஹா அடுப்புக்கு முன்னால் எனக்கு ஒரு பலகை போட்டார். ரொட்டியைத் தவாவிலிருந்து எடுத்துத் தணலில் நேராகப் போட்டு, உப்பியதும் கையால் தட்டிச் சாம்பலை உதிர்த்து, நெய் தொட்டு என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். போதும் என்று சொன்னால் எண்ணிக்கையில் வராது, தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைக்க வேண்டும். மருமகள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், வாய் திறக்கவில்லை. ஆண்கள் சாப்பிட்டுவிட்டு வெளியே போனதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா?" கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போனாளாம். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு களத்தில் சுற்றினாள், மாமியார் லாந்தரைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே நின்றார். பிரேக் ரொம்பக் கூர்மையாக இருக்கிறது என்று அவள் சொன்னது சரிதான், மறுநாள் தளர்த்தினேன்.

பணம் கொடுக்க முயலாதீர்கள், வருத்தப்படுவார்கள். அந்த வீட்டுக் குழந்தையின் கையில் கொடுக்கலாம், அது வடக்கே பழக்கமான ஒன்று. பெண்ணாக இருந்தால் கிளம்பும்போது உங்கள் கையிலேயே பத்து, ஐம்பது என்று வைத்து அழுத்துவார்கள். மகள் வெறுங்கையோடு வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்பது அவர்கள் முறை. அதை மறுக்காதீர்கள்.

பெண்கள் தனியாகப் போவது பாதுகாப்பானதா?

முழுக்கப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். பைக்கில் பின்தொடர்ந்து வருபவர்கள் உண்டு. அப்படி நடந்தால் ஓட்டி ஜெயிக்க முயல வேண்டாம். ஆட்கள் இருக்கும் முதல் கடையில் நிறுத்தி, கடையில் இருக்கும் அக்காவிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். 112 நாடு முழுக்க வேலை செய்யும். ராத்திரி எங்கே தங்கப் போகிறேன் என்று வழியில் யாரிடமும் சொல்லாதீர்கள், "அடுத்த ஊரில் தம்பி காத்திருக்கிறான்" என்பது நல்ல பதில். வீட்டில் ஒருவருக்கு லொகேஷன் போய்க்கொண்டே இருக்கட்டும். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் போங்கள் என்றுதான் சொல்வேன். என் அம்மா சைக்கிள் கற்றது அறிவொளி இயக்கக் காலத்தில். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டைக் கிராமங்களில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் வேலை செய்த பெண்கள் சாயங்காலம் ஆண்கள் சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டுப் பழகினார்கள். ஊரே சிரித்தது, பிறகு பழகிவிட்டது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. இன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒரு கிராமச் சாலையில் போனால் சீருடையில் இரண்டு மூன்று பேராக இணைந்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். என்னைப் பார்த்ததும் கூட்டமாகச் சேர்ந்துகொண்டு, பள்ளி வாசல் வரை கேள்வி மேல் கேள்வி. அவர்கள் நடுவில் ஓட்டும்போது எனக்குத் துளியும் பயம் இருந்ததில்லை.

எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுச் சலிப்பாக்க மாட்டார்களா?

கேட்பார்கள். எந்த ஊர், தனியாகவா, பயமில்லையா, கல்யாணம் ஆகிவிட்டதா, வண்டி எவ்வளவு, ஏன் பைக்கில் வரவில்லை. உங்களுக்கு இருபதாவது தடவை, கேட்பவருக்கு முதல் தடவை. பதில் சொல்லிவிட்டு நீங்களும் கேளுங்கள்: இந்த வருஷம் மழை எப்படி, கடைசிப் பையன் எங்கே வேலை பார்க்கிறான். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் "சென்னை", "திருப்பூர்", "கோயம்புத்தூர்" என்று பதில் வந்தால் வியக்க வேண்டாம். அந்தப் பையனோடு வீடியோ காலில் பேச வைப்பார்கள், அவன் தமிழில் பேசிக் காட்டுவான்.

சாதி கேட்டால் என்ன சொல்வது?

கேட்பார்கள். "முழுப் பெயர் என்ன?" என்ற கேள்விக்கு அதுதான் அர்த்தம். நம் பெயரில் அப்பா பெயர்தான் ஒட்டியிருக்கும், சாதிப் பெயர் இருக்காது என்பதால் குழம்புவார்கள். "எங்கள் ஊரில் இவ்வளவுதான் பெயர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேலும் தோண்டினால் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவேன், தண்ணீர் வேறு இடத்தில் கிடைக்கும்.

அந்த வேறு இடம் பல சமயம் ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் தெருவாக இருக்கும். தண்ணீர் கேட்டால், "நாங்கள் இன்ன சாதி, எங்கள் வீட்டில் குடிப்பீர்களா?" என்று அவர்களே முதலில் கேட்டுவிடுகிறார்கள். புந்தேல்கண்டில் ஒரு அம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நீட்டாமலேயே நின்றார். இப்படிக் கேட்க வைத்திருப்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது. வாங்கிக் குடியுங்கள், இன்னொரு சொம்பு கேளுங்கள், உட்காருங்கள்.

சாப்பாடு?

அந்தந்த ஊரில் உழைப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதைச் சாப்பிடுங்கள். பீகாரில் "சத்து" என்று சொல்லும் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சை, உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுத் தள்ளுவண்டியில் தருவார்கள், ஒரு டம்ளர் குடித்தால் மத்தியானம் வரை தாங்கும். மத்தியப் பிரதேசத்தில் காலையில் போஹா, நம் அவல் உப்புமா மாதிரி.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பஞ்சாப் முதல் பீகார் வரை மூடுபனி, காலை பத்து மணிக்கு முன்னால் சாலையில் இறங்க வேண்டாம். லடாக் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம் போக முன்னதாகவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பக்கம் ஓட்டாதீர்கள், முப்பந்தலில் காற்று வண்டியோடு சேர்த்துத் தள்ளும்.

படம் எடுக்கலாமா?

பேசி முடித்த பிறகு, கேட்டுவிட்டு. முக்காடு போட்ட பெண்களை அவர்களே சொன்னால் தவிர எடுக்க வேண்டாம், எடுத்ததை வெளியே போட வேண்டாம்.

திரும்பி வரும்போது சைக்கிளை ரயிலில் ஏற்றலாமா?

ஏற்றலாம். பார்சல் ஆபீசில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள், நீங்கள் போகும் ரயிலிலேயே வரும். இரண்டு நிமிஷம் நிற்கும் நிலையங்களில் ஏற்ற மாட்டார்கள், பெரிய ஜங்ஷனுக்குப் போங்கள். இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே இருக்க வேண்டும். பை, பாட்டில், பம்பு, விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெயர், போன் நம்பர், ஏறும் ஊர், இறங்கும் ஊர் நான்கையும் அட்டையில் பெரிதாக எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள். வண்டியை உள்ளே ஏற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு உங்கள் பெட்டிக்குப் போங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள், அது இல்லாமல் இறங்கும் ஊரில் வண்டியை வாங்குவது பெரும்பாடு.